ஒற்றைப் பூட்ஸ்

மரப்பெட்டி மேல் ஒரு பூட்ஸ், வலது கையில்.
இடது கையில் மணல் நிரப்பிய காலுறை.
டொக்... சரக். டொக்... சரக்.
கேப்டன் பரவோனா வருகிறான் என்று
வல்பரைசோவின் மேட்டுத்தெருக்கள்
வானொலி முன் மூச்சடக்கும்.

மூன்று வருடம் நொண்ட வைத்தேன் அவனை.
நூற்றைம்பத்தாறாம் வியாழக்கிழமை கடலில் தள்ளினோம்
(ஒரு வாளித் தண்ணீர், ஒரு பூசணிக்காய்).
அறிவிப்பாளர் தொண்டையைச் செருமி
"முற்றும்" என்றார்.
அன்று நன்றாகத் தூங்கினேன்.

சோப்புக் கம்பெனிக்கு முற்றும் பிடிக்கவில்லை.
முதலில் பரவோனாவுக்கு நீச்சல் தெரிந்தது.
அதுவும் தீர்ந்தபோது ஓர் இரட்டைச் சகோதரன்;
அவனுக்கும், கேளுங்கள், அதே கால்.
ரொசெண்டோ சிகரெட்டைச் சிகரெட்டில் பற்றவைத்து எழுதினான்.
முழுக்கக் குற்றம் சொல்லமாட்டேன்:
அந்தப் பாகத்தில்தான் லாந்தர் விற்கும் விதவை
ஒரு காட்சி முழுக்கப் பேசாமல் இருந்தாள்.
அவள் மூச்சுக்குப் பட்டுத்துணியை மெல்ல உரசினேன்.
முதல் கதையில் அப்படியொரு நிமிடம் இல்லை.
மற்றதெல்லாம் நுரை.

பிறகு நதிமூலம் பார்க்கக் கிளம்பினார்கள்.
கால் ஏன் போனது?

அதுவரை அது ஊர்ச்சொத்து.
துறைமுகத்துக் கிரேன்காரர் சங்கிலி அறுந்தது என்பார்.
மீன் விற்கும் சுனில்டாவுக்கு அது கடவுள் கொடுத்த கூலி.
மலைலிஃப்ட்டில் டிக்கெட் கிழிக்கும் பையன்
சுறா என்று சத்தியம் செய்வான்.
ரொசெண்டோ ஒரு கழுதையை எழுதினான்.
கழுதை உதைத்தது. அவ்வளவுதான்.
ஒரே வியாழக்கிழமையில்
சுறாவும் சங்கிலியும் கடவுளும்
வேலையிழந்தார்கள்.

ஆனால் கழுதைக்கு முன்னால்
ஒன்பது வயதுப் பரவோனா
கடலுக்கு இறங்கும் படிகளில் ஓட வேண்டியிருந்தது.
அக்காள் மகனின் செருப்பை இரவல் வாங்கினேன்.
ஒத்திகையில் பழக்கதோஷம், கை நொண்டியது.
"ரெண்டு கால்! ரெண்டு கால்!"
கண்ணாடிக்கு அப்பாலிருந்து கத்தினார்கள்.
நேரலையில் ஓடினான்.
தாளில் நாற்பது படி.
நான் நூறு தாண்டியும் நிறுத்தவில்லை.
ரொசெண்டோ கடிகாரத்தைக் காட்டினான், பிறகு
கையை இறக்கிக்கொண்டான்.
கீழே என்ன நிற்கிறது என்று
அந்தச் செருப்புக்கு மட்டும் தெரியாது.

இப்போது பழைய நாடாக்களை மறுபடி ஒலிபரப்புகிறார்கள்.
டொக்... சரக்.
முன்பெல்லாம் வானொலி மீது மீன்தலை எறியும் சுனில்டா
நேற்று, கத்தியைக் கீழே வைத்துவிட்டு,
"அந்தப் பிள்ளைதானே இது" என்றாள்.
எறியவில்லை.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.
எவ்வளவு நல்ல வில்லன்.