ஊதா மூடி

தை அமாவாசை கழிந்த மறுவாரம்
பாபநாசம் படித்துறைக்கு மேலே
வனத்துறை ஷெட்டில் மூன்று நாள் முகாம்.
முதல் நாள் கூண்டுக்குள் வந்தவை ஏழு,
மறுநாள் ஒன்பது.
பழம் கட்டுவதில் சொரிமுத்து கெட்டிக்காரன்:
"நாட்டுப்பழந்தான் திங்கும் மேடம்,
பச்சப்பழத்த மோந்து பாத்துட்டு எறிஞ்சிரும்."

மூன்றாம் நாள் காலையில் முதலில் வந்தவள்
பதினேழு.
மயக்க மருந்து ஏறி அவள் தலை சாய்ந்த பிறகும்
மார்பில் தொங்கிய குட்டி சாயவில்லை.
பிரித்து வைக்கச் சொல்கிறது விதிமுறை.
வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.
தொடையில் ஒரு கட்டம் மயிர் மழித்தேன்.
அப்பளம் போலத் தோல், அதன் கீழே நாளம்.
தாமிரபரணி மாதிரி என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.
நாளம்தான். நீலமாக இருந்தது.

மூன்று மில்லி. ஊதா மூடிக் குழாய்.
ஊசியை உருவும்போது
குட்டி என் கையுறையைப் பிடித்தது,
ஐந்து விரலாலும்,
இனி இதுதான் என்று முடிவு செய்துவிட்டதுபோல.
திடுக்கிட்டேன்.
இடது சுட்டுவிரல் நுனியில்
கடுகளவு சிவப்பு.

சோப்பு, ஓடும் தண்ணீர், பதினைந்து நிமிடம்:
பயிற்சி வகுப்பில் நானே சொல்லித் தருவதுதான்.
ஷெட்டுக் குழாயில் காற்று வந்தது.
ஆற்றுக்கு ஓடினேன்.
மேல்படியில் யாரோ ஈரவேட்டியோடு
எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்.
கீழ்ப்படியில் நான்
விரலைப் பிதுக்காமல், கடிகாரத்தைப் பார்த்தபடி.
அவர் எள்ளும் என் சோப்பு நுரையும் ஒன்றாகப் போயின
அம்பாசமுத்திரம் பக்கமாக.

நுரை வைரஸ் என்று ஒன்று உண்டு.
கண்ணாடித் தட்டில் வளர்த்தால்
செல்லெல்லாம் பொங்குகிற பால்போலக் குமிழ் விடும்,
அதனால் அந்தப் பெயர்.
குரங்கை ஒன்றும் செய்யாது.
எத்தனையோ லட்சம் வருஷமாகக் குடியிருக்கிறது,
சுவரில் ஆணி அடிக்காத வாடகைக்காரன்.
மனிதருக்கு?
'இதுவரை தெரிந்து பாதிப்பு இல்லை.'
அந்த 'இதுவரை'யை எத்தனை அறிக்கையில்
யோசிக்காமல் தட்டச்சு செய்திருக்கிறேன்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில்
நாய் இருந்தது, பூனை இருந்தது, பாம்பு இருந்தது.
பயிற்சி டாக்டர் நாய்க்கு நேரே டிக் போட்டு
அதை அடித்துவிட்டு
ஓரத்தில் 'குரங்கு' என்று எழுதினார்.
"கடிச்சிச்சா?"
"இல்லை. நான்தான் அதைக் குத்தினேன்.
அப்புறம் என்னை."
அதை எழுத அவருக்குக் கட்டம் இல்லை.

எனக்கும் மூன்று மில்லி எடுத்தார்கள்.
அதே ஊதா மூடி.
ஐஸ் பெட்டியில் அவள் குழாய்க்குப் பக்கத்துக் குழி
காலியாக இருந்தது, வைத்தேன்.
ஸ்டிக்கர் ஈரத்தில் உரிந்துவிடக் கூடாதே என்று
இரண்டு தடவை டேப் சுற்றினேன்.

"ஏட்டி, தம்ளர எதுக்குத் தனியா வச்சிருக்க?"
கிருபாகரன் கேட்டபோது வாய்ப்புண் என்றேன்.
பிள்ளைக்கு முத்தம் உச்சியில் மட்டும், மயிரின் மேல்.
அவன் விரலைப் பிடிக்க வந்தால்
வலது கையை நீட்டினேன்.

ஆறாம் வாரம்: இல்லை.
மூன்றாம் மாதம்: இல்லை.
பதினேழுக்கு உண்டு.
முப்பத்தொன்றில் இருபத்திரண்டுக்கு உண்டு.
குட்டியிடம் நாங்கள் எடுக்கவில்லை.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள்
சொரிமுத்து கோவிலுக்கு வந்தான், கூட நானும்.
காரையாறு ரோடெல்லாம் வேன்கள், உரித்த ஆட்டுத்தோல்,
பாத்திரம் கழுவும் சத்தம்.
கைப்பிடிச் சுவரில் அவள்.
தொடையில் அந்தக் கட்டம் வளர்ந்திருந்தது,
மற்ற மயிரைவிடக் கொஞ்சம் வெளுப்பாக.
குட்டி இப்போது தனியாக உட்காரும்.
யாரோ ஒரு பெண் பொரிப் பாக்கெட்டை நீட்ட
பிடுங்கிய வேகத்தில் நகம் பட்டது.
அவள் சிரித்துக்கொண்டே
கையை முந்தானையில் துடைத்தாள்.

என் பையில் சோப்பு இருந்தது. நீட்டினேன்.
"சும்மா கீறல்தானக்கா," என்றாள்.

ஆறாம் மாதத்துக் குழாய் அன்றைக்கு
புனே போகும் ரயிலில் இருந்தது.