ஆட்டமில்லாத ஜனவரி

ஃப்ரே பெந்தோஸில் ஜனவரி என்றால்
ஆறுகூட வியர்க்கும்.
மைதானத்தில் புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது.
கோல் கம்பத்தில் வலை இல்லை,
குறுக்குச் சட்டத்தில் காவலாளி இரியார்த்தே
தன் போர்வையை உலர்த்தியிருக்கிறார்.

இந்த வெயிலில்தான்
யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று
ஏசி ஓடும் அறையில் நிர்வாகம் உட்கார்ந்தது.
வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது.
ஒரு தாள், நான்கு குண்டூசி.

முதலில் வில்மார்.
இடது பின்களம், பத்தொன்பது வயது,
ஓடினால் கோட்டுச் சுண்ணாம்பு பறக்கும்.
பராகுவேக்காரர்களுக்கு விற்றாகிவிட்டது.
விலை போடவில்லை.
இறைச்சியை டப்பாவில் அடைத்துப் பிழைத்த ஊர் இது ஐயா,
அடிமாட்டு விலை எவ்வளவென்று
எங்களுக்கா தெரியாது?

அடுத்து கோல்கீப்பர் ஓலஸாபல்.
பதினோரு வருஷம். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை.
கீழே ‘நன்றி’ என்று ஒற்றைச் சொல்.
ஊரே கொதிக்கிறது.
என்னைக் கேட்டால் சரியான முடிவு.
இடது பக்கம் தாழ்வாக வரும் பந்துக்கு
அவர் விழுந்து முடிப்பதற்குள்
எதிரணி கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்.
ஆனால் என்னை யாரும் கேட்காதீர்கள்.
என் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது
அவர் மனைவி மீர்த்தா.

நடுக்களத்துக்கு ஆளே எடுக்கவில்லை!
போன வருஷம் வாங்கிய கோல்களில் பாதி
கல்யாண வீட்டுக்குள் நுழைவதுபோல்
அந்த வழியாகத்தான் சிரித்துக்கொண்டே வந்தது.
இதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
ஏனென்றால் தாளின் கடைசி வரியில்
அவன் பெயர் இருந்தது.

வாஷிங்டன் எச்செனிக்கே.
எங்கள் தெருப் பையன், முப்பத்தொரு வயது முன்கள வீரன்,
மூன்று நாடுகளில் ஆடிவிட்டு
சல்லிக்காசு வாங்காமல் திரும்பி வருகிறான்.
நீதியா தன் மதுக்கடையில்
அவனுடைய பழைய படத்தைத் துடைத்து மாட்டினாள்.
பதினைந்து கோல் என்றான் எவுலாலியோ.
இருபது என்று மேசையைத் தட்டினான் இன்னொருவன்.
தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்தா பார்ப்பார்கள்?

நான் பல்லைப் பார்க்கவில்லை.
முழங்காலைப் பார்த்திருக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
ஆகஸ்டில் ஓர் இரவு, மழை,
தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு வந்தான்.
படுக்கச் சொன்னேன். காலை நேராக வைத்தேன்.
மூச்சை அடக்க வேண்டாம், நெஞ்சுக்குத்தான் அது என்றேன்.
அப்படியும் அடக்கிக்கொண்டிருந்தான்.

திரையில் வந்தது.
இரண்டு எலும்புக்கு நடுவே
கறுப்பாக ஒரு சந்து தெரிய வேண்டும்.
அதில் ஒரு தாள்கூட நுழையாது.
‘எப்படி இருக்கிறது?’ என்றான்.
‘டாக்டர் சொல்வார்.’
நாங்கள் எல்லோருக்கும் சொல்வது அதுதான்.
இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறேன்,
அன்றுதான் தொண்டையில் நின்றது.

‘என்ன கிளாரிபெல், வாயே திறக்கவில்லை?’
எவுலாலியோ என் பக்கம் திரும்பினான்.
போன வருஷ அணியை நான் கிழித்த கிழியில்
இரவு ஒரு மணிவரை யாரும் வீடு போகவில்லை.
பீர் பாட்டிலின் காகிதத்தை உரித்துக்கொண்டே
‘நடுக்களத்துக்கு ஆள் இல்லை’ என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
அடக்கிய வாயோடு சட்டம் என்னோடு
வீடுவரை நடந்து வந்தது.

திங்கட்கிழமை சந்தா புதுப்பிக்கப் போனேன்.
ஜன்னலுக்கு அப்பால் முதல் நாள் பயிற்சி.
இடது காலில் நீளமான காலுறை,
தொடைவரை இழுத்துவிட்டிருந்தான்.
திரும்பும்போதெல்லாம் வலது பக்கமே திரும்பினான்.
வேறு யார் கண்ணிலும் அது படாது.
அந்தப் பையன்கள் அவன் முகத்தை அல்லவா பார்க்கிறார்கள்.

‘அரை வருஷமா, முழு வருஷமா?’
கவுன்ட்டர் பெண் பேனாவோடு காத்திருந்தாள்.
அப்போது அவன் அடித்தான்.
காலின் உள்பக்கத்தால், அவசரமே இல்லாமல்,
கம்பத்தை ஒட்டி, போர்வையின் கீழே.
வலை இல்லாததால் பந்து நிற்கவில்லை,
ஆற்றுப் பக்கப் புதருக்குள் போய்விட்டது.
நான்கு பையன்கள் கத்திக்கொண்டு தேட ஓடினார்கள்.
அவன் ஓடவில்லை.
இடுப்பில் கைவைத்து நின்ற இடத்திலேயே நின்றான்.

‘முழு வருஷம்’ என்றேன்.
சில்லறை இருக்கிறதா என்றாள்.