சும்மா இருக்கும் தந்தி

ரூசே நகரம். டான்யூபில் பனிக்கட்டி மிதக்கும் மாதம்.
லாரி எடைமேடையில் இரவுப்பணி முடித்து வந்த ஸ்த்ராவ்கா
மேலங்கிகூடக் கழற்றாமல்
கிதாரை மடியில் வைக்கிறாள்.

சி மேஜர். மூன்று விரல் போதும் என்கிறது புத்தகம்.
மோதிரவிரல் ஐந்தாம் தந்தியில்,
நடுவிரல் நான்காவதில்,
ஆள்காட்டி இரண்டாவதில்.
மீட்டினால்
ஒன்று தொப்பென்கிறது, ஒன்று வண்டாய் இரைகிறது.

கீழ்வீட்டுப் பென்சோ வெந்நீர்க் குழாயில்
கரண்டியால் தட்டுகிறார்: டங், டங்.
பதினொரு நாளாய் இதுதான் தாளம்.

அழுத்தத் தெரியாத கையா?
எத்தனை எடைச்சீட்டில் முத்திரை குத்திய கை.
இன்னும் அழுத்துகிறாள். நுனிவிரல்களில்
தந்தி கோடு கிழித்ததுதான் மிச்சம்.

இன்றுதான் கண்ணில் படுகிறது:
யாரும் தொடக்கூடாத மூன்றாம் தந்திமேல்
நடுவிரலின் சதை சாய்ந்து கிடக்கிறது,
பேருந்தில் தூங்கி விழும் பக்கத்து இருக்கைக்காரன் போல.
விரலை வளைக்கிறாள். நகம் தடுக்கிறது.
சமையல் கத்தரியை எடுத்து வெட்டுகிறாள்.

மறுபடி.
சும்மா இருக்க வேண்டியதைச் சும்மா விட்டதும்
ஐந்து தந்தியும் பேசின.

குழாயில் சத்தமில்லை.
வெகுநேரம் கழித்து
ஒரே ஒரு
டங்.

திட்டா, இன்னொரு முறையா,
தெரியவில்லை.
விரலை எடுத்தால் மறுபடி கிடைக்காதென்று
அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்,
மேலங்கியோடு.