ஹார்லிக்ஸ் பாட்டில்

குமுளி ஹோம்ஸ்டே அடுப்படியில்
மூன்று பாக்கெட் பேக்கனைப் பிரித்து வைத்து
"எது கொள்ளாம், பறை ரெஜீனா" என்றார் பேபிச்சன்.

புகையிட்டது, கல்லில் விழுந்ததுமே
ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நிற்கிற மாதிரி.
சர்க்கரை தடவியது ஓரம் கருகிக் கசந்தது.
கொழுப்பு குறைவென்று அச்சடித்ததோ
ஓணான் வாலாய்ச் சுருண்டது,
கடித்தால் செருப்பு வார்.

நாலாம் நம்பர் அறைக்காரருக்கு அதுதான் வேண்டும்.
துண்டுக்கு முப்பத்தைந்து கலோரி,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

புகையிட்டது கக்கிய நெய்க்கு
யாரும் எண் போடவில்லை.
வடிகட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு
கடைசி பஸ்ஸில் லோயர் கேம்ப் இறங்குகிறேன்.

செக்போஸ்ட்டில் போலீஸ்காரர்
மூடியைத் திறந்து முகர்ந்தார்.
"என்னம்மா இது?"
"முருங்கைக்கீரை வதக்க."
தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியது.
மூடியை இறுக்கித் தந்தார்.