கடலுக்குப் போன நட்சத்திரம்

சுத்தமான கண்ணாடியை
யாரும் பார்ப்பதில்லை.
அதன் வழியே எதையோ பார்க்கிறார்கள்.
என் தொழிலின் கோளாறு அதுதான்.

அபெரிஸ்த்வித்தின் கடற்கரைத் தெருவில்
நாற்பத்து மூன்று வீடுகள் எனக்கு.
மாதம் ஒருமுறை ஏணி, வாளி, ரப்பர் பட்டை.
"பளிச்சென்று இருக்கு, இயெஸ்டின்" என்று
கதவிடுக்கில் பணத்தோடு ஒரு சொல்லையும் நீட்டுவார்கள்.
பணம் பைக்குள் போகும்.
சொல் காற்றோடு போகும்.
இங்கே காற்று அதிகம்.

கணக்குப் பார்க்கும் தங்கை லௌரி சொன்னாள்:
"மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து
வெள்ளை வேனில் வருகிறானே,
அவன் பெயருக்குக் கீழே
நூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.
உன் பெயருக்குக் கீழே
வேலை நேரம் மட்டும் இருக்கிறது.
அதுவும் தப்பு."

சீட்டு அச்சடித்துக் கொடுத்தாள், இருநூறு.
'பிடித்திருந்தால் நாலு வரி எழுதுங்கள்.'
ஓரத்தில் மஞ்சளாய் ஐந்து நட்சத்திரம்.
மூன்று மாடி உயரத்தில்
ஜனவரிக் காற்றில் வேர்க்காதவனுக்கு
அதை நீட்டுவதற்குள் வேர்த்துவிட்டது.
கூலி வாங்கின கையை
மடக்காமல் நின்றுகொண்டே இருப்பது மாதிரி.
முதல் வாரம் முழுக்க
வெற்றுப் பக்கம் மேலே தெரியக் கொடுத்தேன்.

"எழுத என்ன இருக்கு?" என்றார் ஒருவர்.
"நீ வந்தாய், ஜன்னல் காணாமல் போச்சு.
அதுதானே வேண்டும்?"
பத்தாம் எண் ஹெய்டன் மறக்காமல் எழுதினார்,
பத்து வரி, மனசு நிறைந்து,
வெள்ளை வேன்காரன் பெயருக்குக் கீழே.
நூற்றுப் பதின்மூன்று.

இன்னொன்றும் உண்டு.
நான் அவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால்?
பதினேழில், நின்றபடியே
டப்பாவிலிருந்து பீன்ஸ் தின்பவர்.
இருபத்தொன்றில், ஒரு கட்டில் இரண்டாகி
நடுவே துணி காயும் கொடி.
முப்பதில் ஒரு பையன்,
பரீட்சைப் புத்தகத்தில் முகம் புதைத்து அழுதவன்,
என்னைக் கண்டதும் கொட்டாவி விட்டான்.
நுரையை அடர்த்தியாகப் பூசிவிட்டு
கீழே இறங்கி, வேண்டாத வாளியைத் தேடினேன்,
அவன் கண்ணைத் துடைத்து முடிக்கும் வரை.
அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று
யாரும் யாரையும் கேட்டதில்லை.

மார்ச்சில் வந்தது முதல் மதிப்புரை.
எட்டாம் எண், மெரெரித் ப்ராசர்.
மருந்துக்கடை நடத்தியவர், பேச்சையும் அளந்தே கொடுப்பார்.
"நன்றாகத் துடைக்கிறார். மூலை வரை.
மறுநாளே கடல் வந்து உப்பைப் பூசிவிடுகிறது.
மூன்று நட்சத்திரம்."

லௌரி தலையில் கைவைத்தாள்.
பதில் எழுது, பணிவாக எழுது என்றாள்.
கடல் சார்பில் மன்னிப்புக் கேட்பதா?
இரவெல்லாம் அது சுவரில் மோதுவதைக் கேட்டுக்கொண்டே
படுத்திருந்தேன்.

அது சீறிக்கொண்டு தெருவுக்கு வந்து
ஜன்னல்தோறும் உப்பு இறைக்காவிட்டால்
என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்?
என் வாடகை, லௌரியின் பல் வைத்தியம்,
இந்தச் சீட்டு அச்சடித்த கூலிகூட
அந்த உப்பில் விளைந்ததுதான்.
உப்பிட்டவரைக் குறை சொல்ல
வாய் வரவில்லை. விடிந்ததும் எழுதினேன்:

"கடலும் நானும் கூட்டாளிகள்.
அது பூசும், நான் துடைப்பேன்.
குறையை யாரிடமும் சொல்லலாம்.
அது என்னைவிடச் சீக்கிரம் எழுந்துவிடும்."

அடுத்த மாதம் எட்டாம் எண்ணில் ஏணி சாத்தினேன்.
உள்ளே அவர், கையில் தேநீர், முகத்தில் ஒன்றுமில்லை.
கடைசி இழுப்பில் நுரை வழிந்து
இருவருக்கும் நடுவே கண்ணாடி இல்லாமல் போனது.
அது இருக்கிறதா என்று பார்ப்பவர்போல
முட்டியால் ஒருமுறை தட்டினார்.
பிறகு நான்கு விரல் காட்டினார்.

மடக்கியிருந்த கட்டைவிரலைப் பிரித்து
என் தோளுக்குப் பின்னால் சுட்டினார்.
ஏணியில் பாதி திரும்பிப் பார்த்தேன்.
தன் பங்கை வாங்க
வந்துகொண்டிருந்தது அது,
வாய் நிறைய நுரையோடு.