இஸ்திரிப் பெட்டிக்கு ஒன்று

ஒன்பதாம் மேசை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் ஆம்பூர், ஏ-கஸ்பா,
நான் ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடத்து மிஷின்.
ஊழியர் பட்டனை அழுத்தித் திருப்பிக் காட்டினார்.
பதினோராவது வரிசை, இஸ்திரிப் பெட்டி:
ஒன்று.

பென்சிலால் குறித்துக்கொண்டேன்.
ஒன்றை எழுத நேரமே ஆவதில்லை.

கைபேசியை கேட்டிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.
அதற்குள் தேவகிருபையின் குரல் பதினொரு நிமிடம் கிடக்கிறது.
பேரணாம்பட்டுக்காரி. இங்கே ஆஸ்பத்திரியில் நர்சு படித்து
நார்வேயில் குடியுரிமை வாங்கியவள்.
அங்கே மை இல்லையாம்.
கட்சித் தாளை மடித்து, முத்திரை குத்தக் கொடுத்து,
மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போய்விடலாமாம்.
தோற்றவன் ஓட்டு என்னடி ஆகும் என்று கேட்டிருந்தேன்.
அதற்குத்தான் பதினொரு நிமிடம்:
முதலில் ஒன்று புள்ளி நாலால் வகு,
பிறகு மூன்றால், ஐந்தால், ஏழால்.
பெரிய எண் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு நாற்காலி.
அதிலும் குறைந்தால்
சமன் செய்யக் கொஞ்சம் நாற்காலி தனியே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது புரியும்.
தோல் மண்டியில் சதுர அடி அளப்பவன் நான்.
செருப்புக்கு வெட்டியது போக
விளிம்பு, வயிறு, ஓட்டை விழுந்த கழுத்து
எல்லாம் தனி மூட்டை.
கையுறைக் கட்டைவிரலுக்கு ஆகும், கிலோ கணக்கில் விலை.
எந்தத் துண்டையும் பாலாற்றில் கொட்டியதில்லை
(தண்ணீரைக் கொட்டினோம், அது வேறு வழக்கு;
அந்த வழக்குக்காகத்தான் அம்சவேணி நின்றாள்,
கையுறை தைக்கிறவள்,
இருபத்தைந்தாயிரம் டெபாசிட்டுக்குத் தாலிச் சரடை வைத்து).

கடைசிச் சுற்று முடிந்தது.
ஐந்து லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
மூன்று லட்சத்து அறுபதாயிரம்.
ஒரு லட்சத்து எழுபத்தெட்டாயிரம்.
அம்சவேணிக்கு ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினேழு.
வெளியே பட்டாசு. வேலூர் வெயிலுக்கு அதுவும் போதவில்லை.

ஆறு சட்டமன்றத் தொகுதிக்கு ஆறு நாற்காலி என்று வைத்து
படிவத்தின் பின்பக்கம் வகுத்தேன்.
மூன்று. இரண்டு. ஒன்று.
மறுபடி வகுத்தேன். அதேதான்.

பக்கத்தில் மக்பூல் பாஷா, மூன்றாமிடத்தின் ஏஜென்ட்,
காலை ஐந்து மணி டீயோடு வந்தவர்,
தலையைத் தொங்கப் போட்டிருந்தார்.
"பாய், உங்களுக்கு ஒரு சீட்டு" என்றேன்.
நிமிர்ந்தார்.
"எங்கே?"
"நார்வேயில்."
மோர் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.
"குடிப்பா. வெயில் ஏறிப்போச்சு."

அம்சவேணிக்கு?
ஆறாயிரத்து எழுநூற்று இருபத்தாறு புள்ளி நாலு.
எந்த வரிசையிலும் நிற்கவில்லை.
அந்தச் சமன் நாற்காலிக்கும் வாசலில் ஆள் நிற்கிறான்:
நூற்றுக்கு நாலு இருந்தால் உள்ளே வா.
எங்களுக்கு ஒன்றுகூட முழுசாய் இல்லை.
தேவகிருபையிடம் இதைச் சொல்ல வேண்டும்.
அங்கேயும் தோற்பதற்கு இடம் இருக்கிறது,
கொஞ்சம் தள்ளி.

ராத்திரி பஸ்ஸில் அந்த ஒன்று கூடவே வந்தது.
வீட்டில் மூன்று ஓட்டு:
நான், பூங்காவனம், அவள் தம்பி கஜபதி.
"நம்ம பூத்துல எவ்வளவு?" என்றாள், முள்ளுக் கத்தரிக்காயைப் போட்டபடி.
"ஒன்று."
"சரி, உன்னோடது" என்று கஜபதி சிரித்தான்.
நானும் சிரித்தேன்.

அது என்னுடையது இல்லை.
அன்றைக்கு அட்டை மறைப்புக்குள் குனிந்தபோது
எப்படியும் வீணாகிவிடும் என்று ஒரு குரல், என் குரல்தான்,
விரல் மேலே போய்
அப்பா காலத்துச் சின்னத்தில் அழுத்திவிட்டது.
மிஷின் கத்தியது. பச்சை விளக்கு.
வெளியே வந்து அம்சவேணிக்கு வணக்கம் வைத்தேன்.

ஏ-கஸ்பாவில் வேறு யாரோ.
ஆயிரத்து நாற்பத்து மூன்று பேரில்
தனியாகப் போய் அழுத்திவிட்டு
யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போனவர்.
கஜபதி சோற்றைப் பிசைகிறான்.
பூங்காவனம் என்னைப் பார்க்கவில்லை, ரசத்தைப் பார்க்கிறாள்.

விளக்கடியில் விரலை நீட்டினேன்.
ஆறு வாரத்தில் நகம் வளர்ந்து
மை பாதி தூரம் ஏறியிருக்கிறது.
வெட்டுகிற இடத்துக்கு வர
இன்னும் நாளாகும்.