நாலு திருகாணி

ஏப்ரல் கடைசி. கீவினாவில் ஏரி இன்னும் முழுதாக உடையவில்லை.
கொட்டகைக்குள் மண்ணெண்ணெய் ஹீட்டர் இருமுகிறது.
ரெய்னோ ஹெய்க்கினெனிடம் எழுநூறு டாலருக்கு வாங்கிய
பதினெட்டடி ஃபைபர் படகு
முட்டுக்கட்டைகளின் மேல், எஞ்சின் கழற்றி,
பல் பிடுங்கிய வாயோடு உட்கார்ந்திருக்கிறது.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன்,
மூக்கிலிருந்து பின்னாக.
டொக். டொக். டொக்.
நடு இருக்கையைத் தாண்டும்போது
தொப்.
ஈரத்துணி மூட்டையைத் தட்டினாற்போல.
மார்லிஸ், என் தம்பி மனைவி, பாதிப் படகு அவளுடையது,
"இன்னொரு தரம்" என்றாள்.
தொப்.
"சரி. ரம்பத்தை எடு."

தளத்தை அறுத்துத் தூக்கினோம்.
அடியில் மஞ்சள் நுரை, நாற்பது வருஷத் தண்ணீரைக் குடித்து
செத்த நாயின் கனம் கனத்தது.
நெடுக நாலு சட்டங்கள்.
மேலே கண்ணாடியிழைத் தோல். தோலுக்குள்
மரம் இருக்க வேண்டிய இடத்தில்
கறுத்த, ஈரமான காப்பிச் சக்கை.
ஐஸ்கிரீம் கரண்டியால் மார்லிஸ் அள்ளினாள்.
பதினோரு வாளி.

சட்டம் உளுத்துப் பல காலம் ஆகியிருக்கிறது;
ஒழுங்கு மட்டும்
வெறும் தோலில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
அந்தத் தோலை நம்பித்தான் ரெய்னோ
நாலடி அலையில் ட்ரவுட் பிடித்துவிட்டு
இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியிருக்கிறார்.

இடப்பக்கக் கடைசிச் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.
உளி பட்டதும் பிசின் மணம்.
ஏன் என்று எனக்குத் தெரியாது.
அதையும் எடுத்துவிடலாம் என்றேன்.
"அது என்ன தப்பு செய்தது?" என்றாள் மார்லிஸ்.

அழுகல் வந்த வழியைத் திரும்பி நடந்தோம்.
எல்லாத் தடமும் போய் முடிந்தது
நடு இருக்கையின் காலடியில்:
நாலு திருகாணித் துளைகள்.
பசை இல்லை, பூச்சு இல்லை.
தண்ணீருக்கு அவசரம் ஏது?
மழைக்கு ஒரு துளி, மீனுக்கு ஒரு துளி,
குளிர்காலத்தில் உறைந்து, தோளால் இடித்து,
உள்ளே இன்னும் கொஞ்சம் இடம்.

காப்பிக் குடுவையோடு ரெய்னோ வந்தார்.
துளைகளைக் காட்டினேன்.
குனிந்து நிறைய நேரம் பார்த்தார்.
"நானில்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவன்."
முன்னால் ஒருவரும் இல்லை.
ஸ்டியரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக் உறையில்
முதல் ரசீது இருந்தது, அவர் பேரில்.
நாங்கள் அதை எடுத்துக் காட்டவில்லை.
அவரும் காப்பியை முடிக்கவில்லை.

மறுநாள் காலை கொட்டகை வாசலில்
சீலன்ட் குழாய் ஒன்று கிடந்தது.
மூடியின் முத்திரை உடையவில்லை.
உள்ளே கல்.
விலைச்சீட்டில் மூன்று டாலர் இருபது,
கீழே, மூடிப்போன ஒரு கடையின் பெயர்.
வாங்கியிருக்கிறார் பாவி.
வாங்கித்தான் இருக்கிறார்.

அட்டையில் வளைவு வெட்டி, ஃபர் மரத்தில் வரைந்து,
வைத்துப் பார்த்து, இழைத்து, மறுபடி வைத்து.
எபாக்ஸியைக் கடலைவெண்ணெய்ப் பதத்துக்குக் கலக்கி
புதிய மரத்தை அதில் அமுக்கினால்
ஓரங்களில் பிதுங்கி வரும்; அது நல்ல அறிகுறி.
கிரைண்டர் தூசி சட்டைக் கழுத்தில், இமையில், படுக்கையில்.
பள்ளிப் பேருந்து ஓட்டும்போதுகூட
முழங்கையைச் சொறிந்துகொண்டே ஓட்டினேன்.
இரவு குளிரிறங்கினால் எபாக்ஸி இறுகாது.
இரண்டு மணிக்கு எழுந்து வந்து
நகத்தால் அழுத்திப் பார்ப்பேன்.
மூன்றாம் இரவு நகம் பதியவில்லை.
தனியாக நின்று தட்டினேன்.
டொக்.
நெடுக, கடைசிவரை, டொக்.

ஜூனில் தளம் மூடி, வெள்ளையடித்து,
ஒரு துளைகூட இல்லாமல் பளபளத்தது.
மார்லிஸ் இரண்டு வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு
"இதுதான் நாற்காலி" என்றாள்.

படித்துறையில் ரெய்னோ காத்திருந்தார்.
ஏறினார். குதிகாலால் தளத்தை
ஒரு தரம், பிறகு இன்னொரு தரம் உதைத்தார்.
ஒன்றும் சொல்லாமல் வாளிமேல் உட்கார்ந்தார்.
கரை விட்டு அரைமைல் போயிருப்போம்,
முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:
"இங்கே ஒரு இருக்கை போடலாமே.
நாலு திருகாணி போதும்."